கோத்தகிரி மலைக்கு குட்டியானையா, டீசல் பிக்கப்பா?

கோத்தகிரி பக்கமிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"ஐயா, எங்கள் தோட்டத்தில் கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் போடுகிறோம். தம்பியின் நிலமும் பக்கத்துத் தோட்டக்காரர்களின் சரக்கும் சேர்ந்தால், அறுவடை இருக்கும் ஐந்து மாதமும் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு இறங்கும். ஒரு நாளைக்கு 20 முதல் 25 மூட்டை, மூட்டை 50 கிலோ. காலை ஏழு மணிக்குள் மண்டியில் இறக்கினால்தான் அன்றைய விற்பனைக்கு ஆகும். திரும்பும்போது உரம், புண்ணாக்கு, மளிகை என்று 500, 600 கிலோ ஏறும். வாடகை வண்டிக்கு நடைக்கு 2,500 ரூபாய் தருகிறேன், அதுவும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. சொந்த வண்டி வாங்க முடிவு செய்துவிட்டேன். என் மாமா டீசல்தான் லாபம் என்கிறார். மகன், இப்போது யாரப்பா டீசல் வாங்குகிறார்கள், பெட்ரோல் குட்டியானை போதும் என்கிறான். அறுவடை இல்லாத மாதங்களில் வண்டி டவுனுக்குள் ஐந்தாறு கிலோமீட்டர்தான் ஓடும். கோவையில் தண்ணீர் கேன் போடும் என் மருமகனும் ஒரு வண்டி பார்க்கிறார். இரண்டு பேரும் ஒரே வண்டியாக எடுத்தால் விலையில் ஏதாவது குறையும் என்று நினைக்கிறோம். எதை எடுக்கலாம்?"

ஐயா, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒன்றேகால் டன்னுக்குக் குறையாமல் ஏற்றும், 1.5 லிட்டரோ அதற்கு மேலோ உள்ள டர்போ டீசல் பிக்கப். உங்கள் மருமகனுக்கு சின்ன பெட்ரோல் வண்டி. இரண்டு பேரும் ஒரே வண்டி எடுக்க வேண்டாம். ஷோரூமில் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

ஆனால் நான் டீசல் என்று சொல்வதற்கும் உங்கள் மாமா டீசல் என்று சொல்வதற்கும் காரணம் வேறு. அவர் சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மை. 2012-ல் சென்னையில் பெட்ரோல் 75 ரூபாயைத் தாண்டி நின்றபோது டீசல் 45 ரூபாய்க்குக் கீழே இருந்தது. லிட்டருக்கு 30 ரூபாய் வித்தியாசம். அந்தக் காலத்தில் டீசல் வண்டி வாங்கியவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், என்ன ஓட்டினாலும் லாபம். 2014 அக்டோபரில் டீசல் விலையின் மேலிருந்த அரசுக் கட்டுப்பாடு போனது. 2025-ல் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும் டீசல் 93-ஐ ஒட்டியும் நின்றன. எட்டு ரூபாய்தான் வித்தியாசம். ஒரு லிட்டர் டீசலுக்குள் இருக்கும் எரிசக்தி பெட்ரோலை விட பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம், டீசல் எஞ்சின் அதைச் சிக்கனமாகவும் எரிக்கும். அதெல்லாம் இன்றும் மாறவில்லை. ஆனால் பம்ப் விலையை மட்டும் வைத்து வண்டியைத் தேர்ந்தெடுக்கும் காலம் முடிந்துவிட்டது.

உங்கள் மகன் சொல்வதிலும் பாதி சரி. சின்ன வண்டிகளில் காற்று பெட்ரோல் பக்கம் திரும்பிவிட்டது. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அது இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல். குட்டியானை என்று நம் ஊரே பேர் வைத்து ஏற்றுக்கொண்ட வண்டி அது. 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, சின்ன டீசல் எஞ்சினுக்குப் புகை சுத்தம் செய்யும் சாமான்களை மாட்டுவதற்கே பெரும் செலவு என்றானது. மாருதி அந்த நேரத்தில் டீசலையே விட்டுவிட்டது. டாடா குட்டியானையிலேயே 694 சி.சி. பெட்ரோல் எஞ்சினைக் கொண்டு வந்தது. ஆக, முக்கால் டன் வரை ஏற்றுகிறவர்களுக்கு இன்று பெட்ரோல் நல்ல தேர்வு. நீங்கள் முக்கால் டன் ஏற்றுகிறவர் இல்லை என்பதுதான் விஷயம்.

25 மூட்டை, 1,250 கிலோ. இது நீங்கள் எழுதிய கணக்கு. கேரட்டை மெஷினில் கழுவி ஈரத்தோடு மூட்டை கட்டினால் அதற்கு மேலும் போகும். ஒரு நாள் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள், மூட்டைக்கு இரண்டு கிலோ கூடினாலே வண்டிக்கு 50 கிலோ கூடுகிறது. பெட்ரோல் குட்டியானைக்கு அனுமதி 750 கிலோ. அதாவது 15 மூட்டை. மீதி பத்து மூட்டைக்கு என்ன செய்வீர்கள்? இரண்டாம் நடை அடிக்கலாம், ஆனால் முதல் நடையை இறக்கிவிட்டு மேலே வந்து மறுபடி ஏற்றிக்கொண்டு போனால் அன்றைய விற்பனை முடிந்திருக்கும். அப்போது எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்வீர்கள். 25 மூட்டையையும் ஒரே வண்டியில் அடுக்கிக் கயிறு கட்டிவிடுவீர்கள். அதை நினைத்துத்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எரிபொருள் கணக்கையும் போட்டுவிடுவோம். கோத்தகிரி மேட்டுப்பாளையம் போய்வர 66 கிலோமீட்டர். ஏற்றமும் இறக்கமும் சேர்த்து பெட்ரோல் குட்டியானை லிட்டருக்கு 13, டீசல் பிக்கப் 12 கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவரைப் பொறுத்து ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆகும். மேலே சொன்ன விலையில் பெட்ரோலுக்கு ஒரு நடை 513 ரூபாய், டீசலுக்கு 512 ரூபாய். நடைக்கு நடை பார்த்தால் இரண்டும் ஒன்று! ஆனால் ஒன்று 15 மூட்டை இறக்குகிறது, மற்றது 25 மூட்டை. மூட்டைக்கு 34 ரூபாய், 20 ரூபாய் என்று பிரிகிறது. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்காமல் மூட்டைக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இதை வைத்து டீசல் எடுத்தால் கொட்டிக்கொடுக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஐந்து மாதத்தில் 70 நடை என்றால் 1,750 மூட்டை, மூட்டைக்கு 14 ரூபாய் மிச்சம் என்றால் வருஷத்துக்கு 24,500 ரூபாய். இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் மூன்று லட்சத்துக்கு மேல் வரும். அந்த மூன்று லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி போட்டாலே வருஷத்துக்கு 30,000. எரிபொருள் மிச்சம் வட்டிக்கே போதாது. எனவே டீசல் வண்டியின் விலையை மிச்சமாகும் டீசல் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைக் கட்டப்போவது நீங்கள் இப்போது தரும் வாடகை. 70 நடைக்கு 1,75,000 ரூபாய் தருகிறீர்கள். அதே 70 நடைக்கு சொந்த வண்டியில் டீசல் செலவு 36,000-க்குள். மீதியில்தான் தவணை, டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம். சின்ன வண்டி எடுத்து, பத்து மூட்டைக்கு மறுபடி வாடகை வண்டியைக் கூப்பிட்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

அப்புறம் மலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் வண்டி பாதி நேரம் இறங்கத்தான் போகிறது.

பலரும் மலைக்கு வண்டி பார்க்கும்போது ஏறுமா என்று மட்டும் பார்க்கிறார்கள். உங்கள் லோடு ஏறுவதை விட இறங்குவது இரண்டு மடங்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரை ஒட்டிய உயரம், கோத்தகிரி 1,800-ஐ ஒட்டி. 33 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் நேர் உயரம் இறங்குகிறீர்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்து 2.6 டன் என்றால், அந்த இறக்கத்தில் அடக்க வேண்டிய சக்தி ஒரு லிட்டர் டீசலை முழுக்க எரித்தால் வரும் சூட்டுக்குச் சமம். அத்தனை சூடும் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் போகும். வழியில் குஞ்சப்பனை தாண்டும்போது பிரேக் லைனர் கருகும் வாடை வந்தால், பிரேக் தாங்க முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம்.

750 கிலோவுக்கு வடிவமைத்த பிரேக்கில் 1,250 கிலோவை ஏற்றி இறக்கினால் என்ன ஆகும் என்பதை பட்டறையில் டிரம்மைக் கழற்றும்போது பார்க்கலாம். உள்பக்கம் நீலம் பூத்திருக்கும், நுனிவிரல் வைத்துத் தடவினால் தலைமுடி போல வெடிப்புகள் தட்டும். லைனர் கண்ணாடி போல வழவழப்பாகியிருக்கும். அந்த லைனர் பிடிக்காது, எவ்வளவு மிதித்தாலும் வழுக்கும். பிரேக் ஆயிலும் அப்படித்தான். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, பெடல் நேராகத் தரைக்குப் போகும். நீலகிரியின் மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே நிற்கும் வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். வண்டியின் புத்தகம் டாட் 4 சொன்னால் டாட் 4-தான்.

எஞ்சினைப் பிடித்து இறங்குவதில் ஒரு தவறான நம்பிக்கை ஊரில் இருக்கிறது. டீசல் எஞ்சின் இறக்கத்தில் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டால் காற்று வரும் வழியை ஒரு தகடு மூடிக்கொள்ளும், அந்த வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் வண்டி பிடித்து நிற்கும். டீசலில் அப்படி மூடுவது பொதுவாக இல்லை. அழுத்திய காற்று மறுபடி விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடும். ஒரே அளவு எஞ்சின் என்றால் பெட்ரோல்தான் கூடுதலாகப் பிடிக்கும். பெரிய லாரிகள் பிடித்து இறங்குவது, புகை போகும் வழியை அடைத்து எஞ்சினைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கால், நீங்கள் வாங்கப்போகும் பிக்கப்பில் அது இருக்காது. அதனால் டீசல் எடுத்த பிறகு கியர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். லோடோடு இரண்டாவது கியர் என்றால் இரண்டாவதுதான், பின்னால் கார்க்காரர் எத்தனை முறை ஹாரன் அடித்தாலும்.

நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவது எரிபொருள் மிச்சம் என்று நினைக்கும் டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வண்டியை யார் ஓட்டினாலும் இதைச் சொல்லிவிடுங்கள்: இப்போதைய எஞ்சின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சினை அணையாமல் வைத்திருக்க எரிபொருள் செலவாகும். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கினால் பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். அப்புறம் முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி எளிதில் நிற்காது.

ஏறுவதற்கு வருவோம். கோத்தகிரி உயரத்தில் காற்று கீழே இருப்பதை விட ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவு பலம் குறையும். 30 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் மேலே வரவர 25-க்கு இறங்கிவிடும். டர்போ இருந்தால் குறைந்த காற்றையும் அழுத்தி உள்ளே அனுப்பிவிடும், டிரைவருக்கு வித்தியாசமே தெரியாது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள், இது டீசலின் பெருமை இல்லை, டர்போவின் பெருமை. டர்போ இல்லாத சின்ன டீசலும் மேலே வந்தால் மூச்சு வாங்கும். டீசலுக்கென்று இருக்கும் பெருமை, குறைந்த சுற்றிலேயே முழு இழுவை கிடைப்பது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து, நிறுத்தி, மறுபடி மேட்டில் கிளப்பும்போது எஞ்சினை அலறவிட வேண்டியதில்லை. கிளட்ச் பிளேட்டின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் ஷோரூம்காரரிடம் காலி வண்டியை டவுனில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். 600 கிலோ உரம் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வரையாவது ஏறிப் பாருங்கள். ஒரு மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுக் கிளப்பிப் பாருங்கள். கிளட்ச் வாடை வராமல் கிளம்ப வேண்டும். அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா வி30, மஹிந்திரா பொலேரோ பிக்கப் எல்லாம் உங்கள் லோடுக்குப் பொருந்தும் வகைதான். எந்த கம்பெனி என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. கோத்தகிரியிலோ மேட்டுப்பாளையத்திலோ யாருக்கு நல்ல சர்வீஸ் இருக்கிறதோ அவர்கள் வண்டி. ஆனால் மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்து ஆர்.சி.-யில் போடும் எடை, 3,000 கிலோவுக்குள் இருக்கும் மாடலாகப் பாருங்கள். அதற்குள் இருந்தால் சரக்கு வண்டிக்குத் தனி பெர்மிட் தேவையில்லை. லைசென்ஸ் பற்றியும் கவலை வேண்டாம், கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்குப் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் உறுதி செய்துவிட்டது.

அதிக லோடுக்கு அபராதம் எவ்வளவு என்று உங்கள் மகனுக்கும் சொல்லுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். செக்போஸ்ட்டில் விட்டுவிட்டார்கள் என்றாலும் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது எடைச் சீட்டைத்தான்.

சரி, இப்போது டீசலின் கஷ்டம். நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை யோசிக்க வைத்தது. அறுவடை இல்லாத மாதங்களில் டவுனுக்குள் ஐந்தாறு கிலோமீட்டர் என்கிறீர்களே, அது.

பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கும். புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி சேர்ந்ததும் எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்கு 550, 600 டிகிரி சூடு தேவை. மலை ஏறும் வண்டிக்கு அந்தச் சூடு ஓரளவு தானாகவே கிடைக்கும், மீதியை எஞ்சினே கூடுதல் டீசல் விட்டு உண்டாக்கிக்கொள்ளும். உங்கள் 33 கிலோமீட்டர் ஏற்றம் இந்த வடிகட்டிக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வைத்தியம். ஆனால் கோத்தகிரியின் குளிரில் காலையில் கிளப்பி, ஐந்து கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி கிளப்பி ஓட்டினால் எஞ்சின் சூடாகும் முன்பே அணைந்துவிடும். கரி சேரும், எரியாது. எரிக்க ஆரம்பித்த நேரத்தில் நீங்கள் சாவியைத் திருப்பிவிட்டால், கூடுதலாக விட்ட டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. சும்மா இருக்கும் மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை வண்டிக்கு ஒரு நீண்ட ஓட்டம் கொடுங்கள். மேட்டுப்பாளையம் போய் வரலாம், கட்டபெட்டு வழியாக ஊட்டிக்கு ஏதாவது வாடகை கிடைத்தால் போகலாம். டாஷ்போர்டில் டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தி வீட்டுக்குள் போய்விடாதீர்கள், நல்ல சாலையில் இருபது நிமிஷம் விடாமல் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாமல் நாள்கணக்கில் ஓட்டினால்தான் சர்வீஸ் சென்டரில் லேப்டாப் மாட்டி எரிக்க வேண்டி வரும், அதற்கும் மேலே போனால் வடிகட்டியையே மாற்ற வேண்டி வரும், அது பெரிய செலவு. வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு குறைவது பழகிய விஷயம். கூடியிருந்தால், முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை அடித்தால், உடனே ஆயிலை மாற்றுங்கள். டீசல் கலந்த ஆயில் தண்ணியாகி பேரிங்கைக் காப்பாற்றாது. ஆயிலும் புத்தகத்தில் எழுதியிருக்கும் தரம்தான், கடைக்காரர் கையில் இருக்கும் பழைய லாரி ஆயில் ஊற்றினால் அதன் சாம்பல் வடிகட்டியை அடைக்கும். டி.பி.எஃப்.-ஐக் கழற்றி வெறும் குழாய் மாட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள். வாரண்டி போகும், தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போகும்போது மாட்டிக்கொள்வீர்கள், அந்தக் கரியை உங்கள் ஊரே சுவாசிக்கும்.

சில மாடல்களுக்கு டெஃப் என்ற யூரியாக் கரைசலையும் ஊற்ற வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். நீங்கள் பார்க்கும் மாடலுக்கு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் ஒரு எச்சரிக்கை, உங்கள் வீட்டில் உர மூட்டை எப்போதும் இருக்கும் என்பதால் சொல்கிறேன். டெஃப் என்பது 32.5 சதவீதம் சுத்தமான யூரியாவும் தாது நீக்கிய நீரும். வயலுக்குப் போடும் யூரியா வேப்பெண்ணெய் பூசியது, 2015 முதல் நம் நாட்டில் எல்லா மானிய யூரியாவும் அப்படித்தான். அதைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பீச்சும் முனை அடைத்து, உள்ளே படிகம் கட்டி, பம்பும் சேர்ந்து போகும். மானிய உரத்தை வேறு வேலைக்கு எடுப்பது குற்றமும்கூட.

டீசலில் செலவு வைக்கும் இன்னொரு இடம், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலும் பம்பும். ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் வேலை செய்யும் நாசில்கள் அவை, ஒரு சொட்டுத் தண்ணீர் அவற்றுக்கு ஆகாது. கேனில் வாங்கி வீட்டில் வைத்த டீசலை ஊற்றாதீர்கள். பில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் சர்வீஸின்போது மறக்காமல் வடிக்கச் சொல்லுங்கள். முழு லோடோடு மலை ஏறி வந்ததும் பட்டென்று அணைக்காமல் ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள், டர்போ ஆறட்டும்.

இப்போது கோவை மருமகனுக்கு. தண்ணீர் கேன் 20 லிட்டர் என்றால் 30 கேன் 600 கிலோ. சமதளம். தெருவுக்குத் தெரு நிறுத்தி, அணைத்து, கிளப்பி, ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இந்த வேலைக்கு டி.பி.எஃப். உள்ள டீசலைக் கொடுத்தால் மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் சென்டரில் நிற்பார். பெட்ரோல் வண்டிக்கு இப்படி ஓடுவது ஒரு பொருட்டே இல்லை. ஒரு விஷயம் மட்டும் அவருக்குச் சொல்லுங்கள்: இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, எனவே விளம்பரத்தில் போட்டிருக்கும் மைலேஜிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். பழைய பெட்ரோல் வண்டி வாங்குவதானால் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதாகப் பார்க்கட்டும், அதன் ரப்பர் குழாய்கள் இந்தக் கலவையைத் தாங்கும்படி செய்தவை. தினமும் ஒரே வட்டத்தில் ஓடுகிறவர் என்பதால் சி.என்.ஜி., மின்சார வண்டி இரண்டையும் அவர் விசாரிக்கலாம். மலைக்கு லோடு இழுக்கும் உங்களுக்கு அதை நான் இப்போது சொல்ல மாட்டேன்.

நீங்கள் பட்ஜெட் பற்றி எழுதவில்லை. புது டீசல் பிக்கப்புக்குக் கை எட்டவில்லை என்றால் அதற்காகச் சின்ன வண்டிக்கு இறங்காதீர்கள், இரண்டு மூன்று வருஷம் ஓடிய அதே வகை வண்டியைப் பாருங்கள். மலையில் ஓடிய வண்டியாக இருந்தால் நாலு சக்கரத்தின் டிரம்மையும் டிஸ்க்கையும் கழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்க் கிளப்பிப் பாருங்கள், விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சைலன்சர் முனையில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். டி.பி.எஃப். ஒழுங்காக இருக்கும் வண்டியில் விரல் கறுக்கக் கூடாது. கறுத்தால் யாரோ அதைக் கழற்றிவிட்டார்கள் அல்லது அது உடைந்திருக்கிறது. எது என்றாலும் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள், குறைக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.